சாவகத்துச் சிற்றூர்

தமிழ் பயில்வார்க்குச் சாவகம் என்னும் பெயர் புதிதன்று. ஆபுத்திரன் மறுபிறப்பெய்திப் புண்ணியராசன் என்னும் பெயரோடு நாகபுரத்திருந்து ஆண்ட நாடு அதுவே என மணிமேகலை கூறும். அக்காப்பியத்தை வகுப்பிற் பயின்ற நாள்தொட்டு அந்நாட்டைப் பற்றி அறிதல் வேண்டுமென்னும் அவா எம்மைப் பற்றிக்கொண்டது. நூல் நிலையத்தை நாடினோம். ஆங்குக் கிடைத்தனவோ பெரும்பாலும் கோயில்களையும் கோமக்களையும் பற்றிய செய்திகளே. போரோபுதூர் என்னும் பௌத்தப் பெருங்கோயிலையும், பிரம்பனானில் உள்ள சிவன் கோயிலையும் வியவாத ஆசிரியர் இலர். அவற்றைப் படித்து முடித்தபின் எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. அத்துணைக் கற்களையும் சுமந்தவர் யாவர்? சுமந்தவர்க்குச் சோறிட்டவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் புகுந்தவிடத்து எமக்குக் காட்சியளித்தது சாவகத்துச் சிற்றூர். யாம் அந்நாட்டை நேரிற் கண்டவரல்லேம். எனினும், நெல் விளையும் ஊரிற் பிறந்தவராதலின், படித்தவற்றுட் பல எமக்கு முன்னரே பழகியன போலத் தோன்றின. அவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சாவகம் இன்று இந்தோனேசியக் குடியரசின் நடுநாயகமாக விளங்கும் தீவாகும். ஜாவா என வழங்குவதும் இதுவே. கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் இத்தீவின் முதுகெலும்பு போல எரிமலைகள் நிரல்பட நிற்கின்றன. அவற்றுள் உயர்ந்ததாகிய செமேரு 3,676 மீட்டர் உயரமுடையது. எரிமலை என்றவுடன் நாம் அஞ்சுகின்றோம். அந்நாட்டு உழவனும் அஞ்சாமல் இல்லை. ஆனால் அவன் அதனை விட்டு அகலான். மலை உமிழும் சாம்பல் முதலிற் பயிரை மூடிக் கொல்லும், கூரையை முறிக்கும். பின்னர் மழையாற் கரைந்து மண்ணொடு மண்ணாகி, எருவிட்டாலும் கிட்டாத வளத்தைத் தரும். 2010ஆம் ஆண்டில் மெராப்பி மலை பொங்கியபோது முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலையடியில் இருந்த பழத்தோட்டங்கள் சாம்பலாற் பாழாயின. அங்ஙனமாயினும் அம்மலையின் சரிவுகளில் உழவர் இன்றும் பயிர் செய்து வருகின்றனர். தாய் அடித்தாலும் தாய் மடியையே நாடும் குழவியை இஃது எமக்கு நினைவூட்டியது.

இம்மண்வளத்தின் பயனை மக்கட்டொகையிற் காணலாம். தீவின் பரப்பு ஏறத்தாழ நம் தமிழ்நாட்டின் பரப்பேயாம். 1815ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் சில காலம் அத்தீவை ஆண்டபோது, ராஃபிள்ஸ் என்பார் எடுப்பித்த கணக்கின்படி ஆங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 46 இலக்கம் பேர். 1930ஆம் ஆண்டுக் கணக்கில் இத்தொகை 4 கோடியைக் கடந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கிலோ 15 கோடியையும் கடந்துவிட்டது. நிலம் வளரவில்லை, மக்கள் வளர்ந்தனர். சாவகத்துச் சிற்றூரின் இன்ப துன்பங்களுட் பெரும்பாலன இவ்வொன்றினின்றே பிறப்பன என்பதை மேலே காண்போம்.

தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அவ்வூர் ஊராகத் தோன்றாது. வயற்கடலின் நடுவே ஒரு சோலைத் தீவாகவே தோன்றும். வீடுகள் யாவும் மரங்களுக்குள் மறைந்து கிடக்கும். வீட்டைச் சூழ்ந்த தோட்டத்தைப் பெக்காரங்கான் என்பர். அத்தோட்டம் நம் வீட்டுக் கொல்லை போல்வது. ஆனால் கொல்லையினும் அடர்ந்தது. மேலே தென்னையும் பலாவும். அவற்றின் கீழே வாழையும் பப்பாளியும். அதன் கீழே மரவள்ளியும் மிளகாயும். தரையில் இஞ்சியும் மஞ்சளும். வேலியோரத்தில் மூங்கிற் புதர். அளவாற் சிறிதாயினும் ஆண்டு முழுதும் ஏதேனும் ஒன்றை அடுக்களைக்கு ஈந்துகொண்டேயிருக்கும். வயல் பொய்த்த ஆண்டில் ஏழைக் குடியைக் காப்பதும் இத்தோட்டமே. வீட்டின் சுவர் பழங்காலத்தில் மூங்கிற் பிளாச்சுகளாற் பின்னிய தட்டியாக இருந்தது. கூரை ஓடு, தரை மண். இன்று செங்கற் சுவரும் சிமெண்டுத் தரையும் மலிந்துவிட்டன. வசதியுடையார் வீடுகளில் உள்ளே மூன்று அறைகள் வரிசையாக அமைந்திருக்கும். அவற்றுள் நடுவறை யாரும் உறங்குதற்குரியதன்று. அது நெல்லுக்குத் தெய்வமாகிய ஸ்ரீ தேவிக்கு ஒதுக்கப்பட்டதாகும். நம் முன்னோர் திருமகள் என வழங்கிய பெயரே அந்நாட்டில் நெல்லின் பெயராய் நிற்றல் காண்க.

ஊரின் காவலும் சுவையுடைத்து. மரத்தைக் குடைந்தோ மூங்கிலைக் கீறியோ செய்த கெந்தோங்கான் என்னும் ஒலிக்கருவி காவற் கொட்டிலிலே தொங்கும். அதனை அடிக்கும் முறையைக் கொண்டே ஊரார் செய்தியை உணர்வர். இடைவிடாது விரைந்து அடித்தால் இடர் நேர்ந்ததென்பது பொருள். உடனே அனைவரும் வெளியே ஓடி வருவர். இரவில் ஆடவர் முறைவைத்து ஊரைச் சுற்றி வருவர். அங்ஙனம் வருங்கால், ஒவ்வொரு வீட்டின் முன்னும் தொங்கும் சிறு குவளையில் வீட்டார் இட்டுவைத்த ஒரு சிட்டிகை அரிசியையும் திரட்டிக்கொள்வர். இதற்கு ஜிம்பித்தான் என்று பெயர். திரண்ட அரிசியை விற்று ஊர்ப் பொதுச் செலவுக்கும், நோயுற்றார்க்கும் உதவுவர். இதனைப் படித்தபோது, நம் சபைகளிற் பெண்டிர் உலை வைக்கும்போது எடுத்து வைக்கும் பிடியரிசி எமக்கு நினைவு வந்தது. பல இடங்களில் இன்று அரிசிக்கு மாற்றாகக் காசு இடுகின்றனர் என்பர்.

இனி, ஊராட்சியைச் சிறிது நோக்குவோம். ஊரை அவர்கள் தேசா என்பர். நாம் தேசம் எனப் பெருநாட்டுக்கு வழங்கும் வடசொல்லை அவர்கள் சிற்றூருக்கு வழங்குதல் வியப்பன்றோ! ஊரே உலகம் என வாழ்ந்தோர்க்கு அது பொருந்தும். ஊர்த்தலைவனை லூரா என்பர். அவனை ஊராரே தேர்ந்தெடுப்பர். எழுத்தறிவு அருகியிருந்த காலத்தில், போட்டியிடுவோர் ஒவ்வொருவர்க்கும் வாழைக்குலை, நெற்கதிர், சோளம் போன்ற விளைபொருள்களையே அடையாளமாகக் கொடுத்தனர். தலைவனுக்கும், கணக்கனுக்கும், ஏனைய ஊழியர்க்கும் பணமாகச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் அக்காலத்து இல்லை. பதவியில் இருக்கும்வரை உழுதுண்ணுமாறு ஊர்ப்பொது நிலத்திற் சில வயல்கள் அளிக்கப்படும். பெங்கோக் எனப்படும் இந்நிலம் இன்றும் பல ஊர்களில் உள்ளது. நம் நாட்டு மானிய நிலங்களை ஒப்பது இது. எனினும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாது பதவியோடு செல்வது. வாய்க்காலையும் மடையையும் மேற்பார்க்கும் உலுஉலு என்பான் ஒருவனும் உண்டு. அவனை நம் நீர்க்கட்டியோடு ஒப்பிடலாம். மேட்டு வயலாரும் பள்ள வயலாரும் நீருக்காகப் பூசலிடும்போது இருவர் வசையையும் ஏற்பவன் அவனே!

நீர்ப்பாசனம் அத்தீவில் மிகப் பழமையானது. மேலைச் சாவகத்தில் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் ஆண்ட பூர்ணவர்மன் என்னும் வேந்தன் 21 நாட்களில் கோமதி என்னும் கால்வாயை வெட்டுவித்து, ஆயிரம் பசுக்களைத் தானம் செய்தான் எனத் தூகு என்னுமிடத்துக் கல்வெட்டுக் கூறும். அக்கல்வெட்டு வடமொழியில் அமைந்தது. எழுத்தோ பல்லவர் எழுத்து. காஞ்சியிலும் மாமல்லையிலும் நாம் காணும் எழுத்தின் உறவினர் கடல் கடந்து ஒரு வாய்க்காலின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருத்தல் தமிழ் மாணவர்க்கு மகிழ்ச்சி தருவதொன்று. சாவக மொழியின் பழைய நெடுங்கணக்கும் அவ்வெழுத்தின் வழித்தோன்றியதே.

நிற்க, உழவனின் ஆண்டு எவ்வாறு செல்கின்றதென்பதைக் காண்போம். சாவகத்தார் பிராநாத மாங்சா என்னும் ஒரு பருவக் கணக்கை வைத்திருக்கின்றனர். சூரகார்த்தாவில் ஆண்ட ஏழாம் பாக்குபுவானா என்னும் மன்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் இதனை ஒழுங்குபடுத்தினார். ஜூன் திங்கள் 22ஆம் நாள் தொடங்கும் இவ்வாண்டு பன்னிரண்டு பருவங்களை உடையது. அவை நம் மாதங்களைப்போல ஒத்த அளவின அல்ல. முதற் பருவம் 41 நாள். இரண்டாவது 23 நாள். மழை மிகும் ஆறாவதும் ஏழாவதும் 43 நாள் வீதம். கடை இரண்டின் பெயர்கள் தெஸ்தா, சாதா என்பன. இவை வடமொழி ஜ்யேஷ்டம், ஆஷாடம் என்பவற்றின் திரிபுகளாகும். எந்தப் பருவத்தில் இலை உதிரும், எப்போது ஊற்று வற்றும், எந்தப் பூச்சி எப்போது கத்தும் என்பனவெல்லாம் இக்கணக்கில் அடங்கும். வானத்து விண்மீன்களுள் நாம் மிருகசீரிடமும் திருவாதிரையும் காணும் கூட்டத்தை அவர்கள் வலுக்கு, அஃதாவது கலப்பை, என்று அழைப்பர். வைகறையில் அக்கலப்பை கீழ்வானத்தில் எழுந்தால் நிலத்துக் கலப்பையைச் செப்பனிட வேண்டிய காலம் அணுகிற்றென்று கொள்வர். அண்மைக் காலத்தில் மழை முறை பிறழ்ந்து வருதலால், இக்கணக்கை நம்பி விதைத்தவர் ஏமாறுதலும் உண்டு. கணக்கு பிழைபட்டதன்று, வானமே பிழைபட்டது என்க.

ஏழு நாள் கிழமையோடு ஐந்து நாள் கொண்ட வேறொரு கிழமையும் அவர்க்குண்டு. லெகி, பாகிங், போன், வாகே, கிலிவோன் என்பன அந்நாட்களின் பெயர்கள். இவை சந்தை நாட்கள். ஓர் ஊரில் லெகியன்று சந்தை கூடினால், அயலூரில் பாகிங்கன்று கூடும். இரண்டு கிழமைகளும் சேர்ந்து முப்பத்தைந்து நாட்களுக்கு ஒருமுறை ஒரே இணை மீளும். பிறந்த நாளை அவ்விணை கொண்டே குறிப்பர். திருமணத்திற்குப் பொருத்தம் பார்ப்பதும் அதுகொண்டே. சந்தையில் விற்பாரும் வாங்குவாரும் பெரும்பாலும் பெண்டிரே. வீட்டுப் பணம் மனைவியின் கையிலேயே இருத்தல் சாவகத்தில் பொதுவழக்கு.

வயல் வேலைக்கு வருவோம். நாற்றங்காலில் விதை தெளித்தல், எருதோ எருமையோ பூட்டி உழுதல், பரம்படித்தல் என்பனவெல்லாம் நம் ஊரிற் போன்றனவே. இன்று கைப்பிடி உழுபொறி எருமையை ஏறக்குறைய நீக்கிவிட்டது. நாற்று நடுவோர் பெண்டிர். நடவைத் தாண்டூர் என்பர். ஒழுங்காக வைத்துக்கொண்டே பின்னோக்கி நடத்தல் என்னும் இரு சொற்களின் சுருக்கமே தாண்டூர் என அந்நாட்டார் வேடிக்கையாய்ப் பொருள் கூறுவர். சொல்லைப் பிரித்து விளையாடுவதில் அவர்கள் நம் புலவர்க்குச் சிறிதும் இளைத்தவரல்லர். நெல்லைக் குறிக்கும் சொற்களிலும் ஒற்றுமை காண்கின்றோம். வயலில் நிற்பது பாரி, அடித்த மணி காபா, உமி நீங்கியது பெராஸ், வெந்தது சேகா. நாம் பயிர், நெல், அரிசி, சோறு எனப் பிரித்து வழங்குதல் போல்வதே இது. நெல்லுண்ணாத நாட்டார் இவை அனைத்தையும் ஒரே சொல்லால் அடக்கிவிடுவர்! நீர் நிறைந்த வயலிற் மீன்குஞ்சுகளை விட்டு வளர்த்தலும், அறுவடையான வயல்களில் வாத்துக் கூட்டத்தை ஊர் ஊராய் மேய்த்துச் செல்லுதலும் அவர் வழக்கங்கள். பிந்தியதை நம் நாட்டாரும் செய்வர்.

கதிர் முற்றியதும் வயலின் ஒரு மூலையிற் சோறும் முட்டையும் படைத்து, சில கதிர்களை முதலில் அறுத்தெடுத்து, அறுவடையைத் தொடங்குவர். இதற்கு விவித்தான் என்று பெயர். தொடக்கம் என்பது பொருள். அக்காலத்தில் அறுவடைக் கருவி அரிவாளன்று. அனி அனி என்னும் ஒரு சிறு கத்தி. உள்ளங்கையில் மறைந்துவிடும் அளவினதாகிய அதனைக் கொண்டு ஒவ்வொரு கதிராய்க் கொய்வர். பெரிய இரும்பைக் கண்டால் ஸ்ரீ தேவி அஞ்சி ஓடிவிடுவாள் என்பது நம்பிக்கை. அறுவடை பெண்டிர்க்குரிய வேலை. வயலுக்குரியவன் வருவோரைத் தடுத்தல் வழக்கமில்லை. ஊரிலுள்ள ஏழைப் பெண்டிர் யாவரும் சென்று கொய்து, தாம் கொய்ததில் ஒரு பங்கைக் கூலியாகப் பெறுவர். பாவோன் எனப்படும் அப்பங்கு ஊர்தோறும் வேறுபடும். உறவினர்க்குச் சற்று மிகுதியாகவும் கிடைக்கும். நிலமில்லாத குடிகள் பலவற்றுக்கு அடுத்த அறுவடைவரை அடுப்பு எரிந்தது இப்பங்காலேயே. ஒரு கதிர் கொய்யும் கருவியைக் கண்டு, இஃது எத்துணை மந்தமான முறை என நகைத்த வெளிநாட்டார் உளர். அம்மந்தமே பலர்க்குச் சோறாயிற்று என்பதை அவர் நோக்கவில்லை.

கொய்த நெல்லைக் குத்துதலும் பெண்டிர் தொழிலே. ஒரு முழு மரத்தைத் தோணி போலக் குடைந்த லெசூங் என்னும் நீண்ட உரலின் இருபுறமும் நான்கைந்து பெண்டிர் நின்று, உலக்கை மாற்றி உலக்கை போடுவர். அவ்வொலியே ஓர் இசையாய் வளர்ந்தது. திங்கள் மறைப்பின்போது, மதியை விழுங்கும் அரக்கனை வெருட்டுவதற்காக வெற்றுரலை இடித்து ஒலியெழுப்புவர். நம் ஊர்களிலும் அந்நேரத்தில் உலக்கையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. மறைப்புக்கும் உலக்கைக்கும் இரு நாட்டாரும் தொடர்பு கண்டது எவ்வாறோ!

இவ்வாழ்வு எவ்வாறு மாறிற்று என்பதை உரைக்குமுன் ஒரு பழைய துன்பத்தைச் சுட்டுதல் வேண்டும். 1830ஆம் ஆண்டில் ஒல்லாந்து ஆட்சித் தலைவர் வான் டென் போஸ் என்பார், ஒவ்வோர் ஊரும் தன் நிலத்தில் ஐந்திலொரு பங்கில் அரசு வேண்டும் கரும்பு, அவுரி முதலியவற்றைப் பயிரிட்டளிக்க வேண்டுமென விதித்தார். ஏட்டில் ஐந்திலொன்று, நடைமுறையில் பல இடங்களில் அதனினும் மிகுதி. நெல்லுக்குரிய நீரும் உழவனுடைய நாட்களும் கரும்புக்குச் சென்றன. 1849, 1850ஆம் ஆண்டுகளில் தெமாக், கிரோபோகான் என்னும் பகுதிகளிற் கொடிய பஞ்சம் நேர்ந்து மக்கள் கூட்டங் கூட்டமாய் மடிந்தனர். ஒல்லாந்தின் கருவூலமோ நிரம்பிற்று. 1860ஆம் ஆண்டில் முல்தாத்தூலி என்னும் புனைபெயரோடு ஒல்லாந்தர் ஒருவரே எழுதிய மாக்ஸ் ஹாவெலார் என்னும் நூல் இக்கொடுமைகளை அந்நாட்டார்க்கு உணர்த்திற்று. நெருக்கம் தாங்காமல் 1905ஆம் ஆண்டு முதல் அரசே சாவகக் குடிகளைச் சுமாத்திராவின் தென்பகுதியாகிய லாம்புங்கிற்குக் கொண்டுசென்று குடியேற்றத் தொடங்கிற்று. அதனால் நெருக்கம் குறைந்துவிடவில்லை. தந்தையின் வயலை மக்கள் பகிர, மக்களின் வயலைப் பேரர் பகிர, இன்று அரை ஹெக்டேருக்கும் குறைந்த நிலமுடைய உழவரே சாவகத்தில் மிகுதியாயினர்.

மாற்றம் நெல்லின் உருவிலேயே வந்தது. 1966ஆம் ஆண்டில் பிலிப்பைன் தீவுகளில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. நம் நாட்டிலும் புகுந்த நெல் அது. அதன் பெற்றோருள் ஒன்று தைவானத்துக் குட்டை நெல். மற்றொன்று பேட்டா என்னும் இந்தோனேசிய நெட்டை நெல். வீட்டுப் பெண் வேற்றூரில் மகவீன்று தாய்வீடு மீண்டாற்போல அந்நெல் சாவகத்திற்கு வந்தது. ஆங்கு அதற்குப் புதிய பேட்டா என்றே பெயரிட்டனர். உரமிட்டால் மிக விளையும், விரைவில் முற்றும், ஆண்டுக்கு இருமுறையும் அதற்கு மேலும் நடலாம். 1984ஆம் ஆண்டில் இந்தோனேசியா தனக்கு வேண்டிய அரிசியைத் தானே விளைவித்துக்கொண்டது. அதுவரை உலகச் சந்தையில் அரிசி வாங்குவோருள் அந்நாடு முதன்மையாய் இருந்ததை நோக்க, இஃது எளிய செயலன்று. பசித்தவர்க்குச் சோறு கிடைத்ததை இகழ்ந்து பேச எமக்கு மனமில்லை.

ஆயினும் அந்நெல் குட்டையானது; எளிதில் உதிர்வது. அதற்கு அனி அனி ஏற்றதாகவில்லை; அரிவாள் வந்தது. அரிவாளோடு அதைப் பிடிக்கும் ஆடவரும் வந்தனர். நிலமுடையோர் பலர் விளைந்த பயிரை நின்ற நிலையிலேயே வணிகர்க்கு விற்றுவிடத் தொடங்கினர். வணிகர் தம் ஆட்களைக் கொணர்ந்து அறுத்துச் சென்றனர். ஊர்ப்பெண்டிரைத் தடுக்க நிலக்காரனுக்கு இருந்த நாணம் அயலூர் வணிகனுக்கு இல்லை. அதே காலத்தில், 1970ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளுக்குள், சிறு அரவைப் பொறிகள் ஊர்தோறும் வந்தன. நூறு உலக்கைகள் செய்த வேலையை ஒரு பொறி செய்தது. லெசூங்குகள் கொல்லைகளிற் கவிழ்ந்து கிடந்தன.

இவ்விடத்தில் எம்மைப் பற்றி ஒன்று கூறுதலை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். எம் பாட்டியார் தம் சிறு வயதில் தாயாரோடு பண்ணை வீடுகளுக்குச் சென்று கூலிக்கு நெல் குத்தியவர். கூலி பெரும்பாலும் நொய்யும் தவிடுமே. எம் ஊரில் அரவை ஆலை வந்த ஆண்டில் அவ்வேலை நின்றுபோயிற்று. கை காய்த்துப் போகாமல் தப்பினாய் என்று பிறர் கூறினராம். கை தப்பியது, வயிறு தப்பவில்லை என்று பாட்டியார் இன்றும் கூறுவார். சாவகத்துப் பொறிகளைப் பற்றி யாம் படித்ததை அவரிடம் எடுத்துச் சொன்னோம். சிறிது நேரம் வாளாவிருந்து, அந்தப் பெண்கள் பின்பு என்ன செய்தார்கள் என்று வினவினார். சிலர் சந்தையிற் சிறு வாணிகம் தொடங்கினர். சிலர் பிறர் வயல்களில் நடவுக்கும் களையெடுப்பிற்கும் சென்றனர். சிலர் நகரங்களில் வீட்டு வேலைக்குப் போயினர். அவர்தம் பெண்மக்கள் ஆலைகளுக்குச் சென்றனர். எம் விடை அவர்க்கு நிறைவளித்ததாகத் தோன்றவில்லை. உலக்கை போடும் உழைப்பைப் போற்றி மீண்டும் அதனை வேண்டுவார் கூட்டத்தில் யாம் சேரோம். அவ்வுழைப்பின் கடுமை அதனைச் செய்தவர்க்கே தெரியும். உழைப்பை நீக்கியவர் ஊதியத்தையும் உடன் நீக்கினர் என்பதே எம் குறை.

புதிய நெல்லோடு வேறொரு விருந்தாளியும் வந்தது. புகையான் என நம் உழவர் கூறும் பூச்சியே அது. சாவகத்தார் அதனை வெரெங் என்பர். இடைவிடாது நெல் நின்ற வயல்களில், 1970ஆம் ஆண்டுகளில் அது பெருகிப் பயிரைத் தீய்ந்தாற்போலாக்கிற்று. அரசு பூச்சிமருந்துக்குப் பெருந்தொகை உதவி அளித்தது. மருந்து புகையானைக் கொன்றதினும் மிகுதியாகப் புகையானைத் தின்னும் சிலந்தியையும் வண்டையும் கொன்றது. எனவே மருந்து தெளிக்குந்தோறும் புகையான் பெருகிற்று! 1986ஆம் ஆண்டில் அரசு இவ்வுண்மையை ஒப்பி, நெல்லுக்குத் தெளித்துவந்த 57 வகை மருந்துகளை ஒரே ஆணையால் விலக்கிற்று. 1989 முதல் உழவர்க்கு வயலிலேயே பள்ளி நடத்தினர். அப்பள்ளிகளில் உழவர் கிழமைக்கு ஒருமுறை வரப்பிற் கூடி, நெற்றண்டைப் பிரித்து, எது பகை எது நட்பு எனத் தாமே எண்ணி வரைந்து கற்றனர். பள்ளிகளுட் சிறந்த பள்ளி இதுவெனத் தேர்வுக்கு அஞ்சும் எம்மனோர்க்குத் தோன்றுதல் இயல்பே.

உணவைப் பற்றிச் சில சொற்கள். அரிசியைப் பாதி வேகவைத்துப் பின் மூங்கிற் கூம்பில் இட்டு ஆவியில் அவிப்பது பழைய முறை. சோயா மொச்சையை அவித்து, நொதிக்க வைத்து, இலையிற் பொதிந்து செய்யும் தெம்பே என்னும் கட்டி ஏழையின் புலால் எனலாம். மிளகாயை அம்மியில் அரைத்த சம்பல் இன்றி உணவு இறங்காது. சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த குனுங் கிடூல் பகுதியில் நெல் அரிது. அங்கே உலர்த்திய மரவள்ளி மாவே முன்னாளிற் சோறாயிற்று. பிறப்பு, இறப்பு, அறுவடை, புதுமனை புகுதல் எதுவாயினும் அயல்வீட்டு ஆடவரை அழைத்துச் சிலாமெத்தான் என்னும் விருந்து நடத்துவர். குவித்த சோற்றைச் சூழப் பாயில் அமர்ந்து, வேண்டுதல் முடிந்தபின் சில கவளங்களே உண்டு, எஞ்சியதைப் பொதியாகக் கட்டி மனைவி மக்கட்குக் கொண்டுசெல்வர். இவ்வூரார் பெரும்பாலும் இசுலாமியர். எனினும் இரவு முழுதும் தோற்பாவைக் கூத்தில் பாண்டவர் கதையைக் கண்டு களிப்பர். ஒருவரோடு ஒருவர் பேசும் மொழியும் படிநிலை உடையது. நண்பனை உண்டாயா என வினவ ஒரு சொல்லும், அயலாரை வினவ வேறொரு சொல்லும், முதியோரை வினவ மூன்றாவது சொல்லும் உண்டு. நாம் வினைமுற்றின் ஈற்றைக் கொண்டு காட்டும் மரியாதையை அவர் சொல்லையே மாற்றிக் காட்டுவர். அந்நாட்டு மாணவர்க்கு இலக்கணத் தேர்வு எத்துணைக் கடினமோ!

கிழக்குச் சாவகத்தில் மோஜோவார்னோ என்னும் ஊர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டை வெட்டித் திருத்திய சாவகக் கிறிஸ்தவ உழவர் அமைத்த ஊர் அது. அவர்களுடைய மூப்பராகிய பவுல் தோசாரி என்பார் காலத்தில் எழுந்து 1881ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஆலயம் இன்றும் நிற்கின்றது. ஆண்டுதோறும் அங்கு உண்டுஉண்டு என்னும் அறுவடைத் திருநாள் நடைபெறும். உழவர் நெற்கதிர்களையும், காய்கனிகளையும், கோழிகளையும் அலங்கரித்து ஊர்வலமாகக் கொணர்ந்து ஆலயத்திற் படைத்துப் பின் ஏலமிடுவர். நம் ஊர் அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயைப் போட்டியிட்டு ஏலத்தில் எடுத்த பெரியவர்களை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

இன்று சாவகத்துச் சிற்றூரிற் பகலில் இளைஞரைக் காண்டல் அரிது. சிலர் ஜகார்த்தாவிலும் சுராபாயாவிலும் ஆலைகளிலும் கட்டிட வேலைகளிலும் உள்ளனர். பெண்டிர் பலர் மலேசியாவிலும் தைவானத்திலும் வீட்டு வேலை செய்கின்றனர். நோன்புப் பெருநாளன்று அனைவரும் ஊர் மீள்வர். அப்போது தீவின் சாலைகளெல்லாம் நிரம்பி வழியும். 2014ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்படி அடுத்த ஆண்டு முதல் நடுவரசு ஒவ்வோர் ஊருக்கும் நேரே பணம் அனுப்பி வருகின்றது. பாதைகளும் மதகுகளும் அதனாற் சீர்பெற்றன. வயலில் நிற்போர் முதியவரே. அறுவடைப் பொறி பல இடங்களிற் புகுந்துவிட்டது. பொறி சென்ற பின்னர், அதன் சுவட்டில், வைக்கோலைப் புரட்டி எஞ்சிய கதிர்களைப் பொறுக்கும் முதிய பெண்டிரை இன்றும் காணலாம் என்பர். அதற்கு ங்காசாக் என்று பெயர். ரூத்தின் சரிதையை அறிந்த நமக்கு அக்காட்சி புதிதன்று. ஆனால் போவாசின் ஆட்கள் வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்திச் சென்றனர். பொறி அங்ஙனம் சிந்துவதில்லை. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது இதனையும் பாட்டியாரிடம் கூற எண்ணியுள்ளோம்.